அக்கா மேல் வந்த கோபம்

அக்கா குடும்பம் இந்தியாவுக்கே குடிபோவதென்று முடிவானபோது, மஸ்கெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் இருந்தோம். அன்றிலிருந்து தொட்டதற்கெல்லாம் அவளோடு சண்டை பிடித்தேன். ஒருநாள் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது என் குடத்தை நகர்த்தினாள் என்று, "எப்பத்தான் போய்த் தொலைவ?" என்று கேட்டுவிட்டேன். அவள் தன் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் கொழுந்து பறிக்கையில் மழை பிடித்துக்கொண்டது. மரத்தடியில் தனியாக ஒதுங்கி நின்றேன். ஒரு குடத்துக்காகவா இத்தனை கோபம் என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். அவள் இல்லாமல் எப்படி இருக்கப் போகிறேன் என்ற பயம்தான் நெஞ்சு முழுக்க இருந்தது.

சாயந்தரம் அவள் வீட்டுக்குப் போய், "நீ போறது எனக்குப் பயமா இருக்குக்கா" என்றேன்.

"எனக்கும்தான்டி" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் ரயிலேறும் நாள்வரை அழுதோம், சிரித்தோம், சண்டை மட்டும் வரவில்லை. இப்போதும் கோபம் வந்தால், வாய் திறக்குமுன் அது எதனால் என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன்.