பிஞ்சைக் காட்டிய விரல்

திண்டுக்கல் வெயிலில் மொட்டை மாடித் தோட்டம் போடுகிறவளுக்குப் புத்தி கொஞ்சம் குறைவாகத்தான் இருக்க வேண்டும். எனக்குப் புத்தி குறைவு, வாய் நீளம். அந்த வருஷம் இரண்டையும் வைத்துக்கொண்டுதான் பயிர் செய்தேன்.

மாசியில் விதை போட்டேன். சிமெண்ட் சாக்குகளில் வெண்டை, பழைய பெயிண்ட் வாளிகளில் தக்காளியும் கத்தரியும், உடைந்த தண்ணீர்த் தொட்டியில் பூசணி. பங்குனி வெயில் ஏறியதும் தக்காளிப் பூவெல்லாம் கருகிக் கொட்டியது. கத்தரியில் மாவுப்பூச்சி விழுந்தது. வேப்பெண்ணெய் அடித்தேன், பூச்சி பிழைத்துக்கொண்டது, செடி செத்தது. வெண்டை மட்டும் என் மானத்தைக் காப்பாற்றியது. தினமும் ஒரு கை காய் பறித்து, அதை முறத்தில் போட்டுக்கொண்டு நாலு பேர் பார்க்கும்படி வாசலில் நின்று பேசுவேன்.

ஆனால் என் உயிரெல்லாம் பூசணியில் இருந்தது. கொடி கைப்பிடிச் சுவர் முழுக்க ஓடி, காலையில் தட்டுத் தட்டாய் மஞ்சள் பூ விரித்தது. அடியில் பிஞ்சு உள்ள பூவை விட்டுவிடுவேன். பிஞ்சில்லாமல் வெறும் காம்போடு நிற்கும் பூக்களை விடிந்ததும் ஒன்றுவிடாமல் பறித்து, கடலை மாவில் தோய்த்து பஜ்ஜி போட்டுவிடுவேன். குழாயில் தண்ணீர் எப்போதாவது வருகிற ஊரில், காய்க்காததற்கு எதற்குத் தண்ணீர் என்பது என் நியாயம்.

கீழ் வீட்டில் குடியிருந்தவள் அந்த பஜ்ஜியை ருசித்துத் தின்பாள். கல்யாணமாகி ஆறு வருஷம். இரண்டு முறை உண்டாகி, இரண்டு முறையும் கலைந்துபோனது. என் தோளில் சாய்ந்துதான் அழுதாள். அரிசி களைந்த தண்ணீரை வீணாக்காமல் தினமும் வாளியில் தூக்கிக்கொண்டு மாடிக்கு வருவாள். பூசணிக் கொடி பாதி அவள் தண்ணீரில் வளர்ந்தது.

எங்கள் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. பிஞ்சை விரல் நீட்டிக் காட்டக் கூடாது, காட்டினால் அழுகிவிடும். காட்டியே ஆக வேண்டுமென்றால் விரலை மடக்கித்தான் காட்டுவோம். ஒரு நாள் எலுமிச்சை அளவில் தொங்கிய பிஞ்சைப் பார்த்து, "அக்கா, அந்தா பாருங்க, எம்புட்டு அழகு!" என்று அவள் ஆள்காட்டி விரலை நேராக நீட்டிவிட்டாள். நீட்டியதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் சிரித்து வைத்தேன். சிரிப்பு வாயில் மட்டும்தான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் பிஞ்சு மஞ்சளாகி, தொட்டதும் கையோடு வந்துவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். அவள் வாளியோடு படியேறி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"ஒன் வயித்துலதான் ஒண்ணும் நிக்கல. என் கொடியிலயும் நிக்கக் கூடாதா?"

அப்போது என் விரல் அவள் வயிற்றுக்கு நேராக நீண்டிருந்தது. அவள் வாளியைச் சொட்டுச் சிந்தாமல் கீழே வைத்துவிட்டு இறங்கிப் போனாள். நான் அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சாப்பிட்டேன்.

அதன்பிறகு அவள் மாடி ஏறவில்லை. வாளி மட்டும் தினமும் காலையில் படியடியில் நிறைந்திருக்கும். அதையும் ரோஷமில்லாமல் எடுத்து ஊற்றினேன். விரல் நீட்ட ஆளில்லாத மாடியில் அடுத்தடுத்து நாலு பிஞ்சும் மஞ்சளாகி விழுந்தன.

கன்னிவாடிப் பக்கமிருந்து கீரை கொண்டுவரும் அம்மாவிடம் புலம்பினேன். என் தட்டில் கிடந்த பூக்களை அவர் புரட்டிப் பார்த்தார்.

"இது ஆம்பளப் பூவுல்ல? அம்புட்டையும் பறிச்சுப்புட்டா பிஞ்சு எப்படி ஆத்தா நிக்கும்? இதக் கொண்டுபோய் அதுல தொட்டு வச்சாத்தான் காயாகும். இதுகூடத் தெரியாமயா தோட்டம் போட்டீக?"

அந்த நிமிஷமே நான் கீழே போயிருக்க வேண்டும். போகவில்லை. வெறுங்கையோடு போய் நிற்க என் கௌரவம் விடவில்லை. ஒரு காய் நிற்கட்டும், அதைக் கொண்டுபோய்க் கொடுத்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். மறுநாள் காலையில் ஆண் பூவின் இதழைக் கிழித்துவிட்டு, நடுவிலிருந்த மகரந்தத் தண்டைப் பெண் பூவில் தடவினேன். ஒரே ஒரு பிஞ்சு நின்றது. வைகாசிக் கடைசியில் காம்பு காய்ந்து, இரண்டு கையாலும் தூக்க வேண்டிய அளவுக்கு முற்றியது. சுமந்துகொண்டு இறங்கினேன்.

கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டு பக்கவாட்டில் திரும்பி நின்றாள். மூடியும் மேடு தெரிந்தது. எனக்கு மனசு குளிர்ந்துபோனது.

"காய் விழுந்ததுக்கு நீ காரணமில்ல தாயி. நாந்தான் விவரங்கெட்டுப் பூவப் பறிச்சேன். அன்னைக்கு நான் சொன்னது..."

அவள் முடிக்க விடவில்லை. "அன்னைக்கு இதச் சொல்லத்தான்க்கா மேல வந்தேன். நாள் தள்ளிப் போயிருந்துச்சு. எங்க வீட்டுக்காரருக்குக்கூட அப்பத் தெரியாது. மொதல்ல ஒங்ககிட்டச் சொல்லணும்னு வந்தேன்."

நான் ஓரடி உள்ளே வைத்தேன். அவள் இரண்டடி பின்னால் போனாள்.

"வேணாங்க்கா. அங்கனயே நில்லுங்க. நாளைக்கு நெலக்கோட்டைக்கு, எங்கம்மா வீட்டுக்குப் போறேன். பெத்து எடுக்குற வரைக்கும் ஒங்க கண்ணுல படாம இருந்துக்கிறேன்."

விரல் நீட்டினால் ஒன்றும் அழுகாது, நான் தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறேன் என்று சொல்ல நினைத்தேன். ஆனால் அதை நம்பித்தானே அவளை அப்படிக் கேட்டேன். கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. பூசணியைத் தூக்கிக்கொண்டு திரும்பப் படியேறினேன்.

மறுநாள் காலை படியடியில் வாளி கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.