மகளின் தலையணைக்கு மேலே ஓர் ஓட்டை

ரூ பஜோல் தெருப் பிள்ளையாரின் தேர், கள்ளருக்கும் திருவிழாதான். லா சப்பலில் நாங்கள் தேங்காய் உடைத்துக்கொண்டு நிற்க, புறநகரான பொண்டியில் எங்கள் வீட்டுக் கதவை உடைத்துவிட்டார்கள். அன்றைக்குத் தமிழர் வீடெல்லாம் பூட்டிக் கிடக்கும், நகையெல்லாம் அரிசி வாளிக்குள் இருக்கும் என்பது அந்தக் காவாலிகளுக்குத் தெரிந்திருக்கிறது. மகள் பெரியபிள்ளையானபோது போட்ட சாமத்திய வீட்டு நகை முழுதும் போய்விட்டது. அழுதேன், திட்டினேன், மறுநாள் கடை வேலைக்குப் போனேன்.

என் கணவருக்குத்தான் ஆத்திரம் அடங்கவில்லை. அவர் வேலை செய்யும் ரெஸ்ரோரண்டில் பிரெஞ்சுச் சமையற்காரர் ஒருவர் பன்றி வேட்டைக்குப் போகிறவர். வேட்டைக்கான பெர்மி, அதாவது அனுமதிப் பத்திரம், எடுத்தால் ரைபிள் ஒன்று வாங்கலாம் என்று இவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி! இவர் அதற்கான பரீட்சைக்குப் படிக்கத் தொடங்கினார். துவக்கைக் கட்டிலடியில் வைப்பாராம், இனி எவன் வந்தாலும் சுடுவாராம்.

"உங்களுக்கென்ன விசரே? குண்டு கள்ளனிலை படாட்டி எங்கை போகும்?"

"எங்கை போறது? சுவரிலை நிக்கும்."

யாழ்ப்பாணத்து மனிதனின் பதில் அது. எங்களுக்குச் சுவர் என்றால் கல். சண்டைக் காலத்தில் ஜன்னலால் வந்த ரைபிள் குண்டு ஒன்று அம்மாவின் மர அலுமாரியைத் துளைத்துப் போய், கல்லுச் சுவரில்தான் நின்றது. அம்மா சேலைகளை எடுத்து விரித்தால், ஒவ்வொன்றிலும் மடிப்புக்கு மடிப்பு ஓட்டை. நல்ல தடித்த முதிரைப் பலகை அது. குண்டுக்கு ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை.

பொண்டி வீட்டு உள்சுவர்களோ பிளாக்கோ. இரண்டு பக்கமும் மெல்லிய சுண்ணப் பலகை, நடுவில் வெறும் காற்று. சாமிப் படம் மாட்ட அடித்த ஆணிகூட அதில் நிற்காது. எங்கள் அறைக்கும் மகளின் அறைக்கும் நடுவில் இருப்பது அதுதான்.

இதைச் சொன்னால் சிரித்தார். "ஓமோம், நீ பெரிய ஆமிக்காரி!"

எனக்கு வந்ததே கோபம்! இந்த வீட்டுக்குள் துவக்கு வராது என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்துவிட்டேன்.

பரீட்சைக்கு நாள் கிடைத்துவிட்டது என்று ஒரு பின்னேரம் சந்தோஷமாக வந்தார். நான் அவருடைய ஆணி திருகும் நீளத் திருப்புளியையும் சுத்தியலையும் எடுத்தேன். மகள் தன் அறையில் மேசையில் இருந்து படிப்பதை எட்டிப் பார்த்துக்கொண்டேன்.

"இஞ்சாருங்கோ, கள்ளன் எதாலை வருவான்?"

"கதவாலை."

"நீங்கள் எங்கை நிப்பியள்?"

"கட்டிலடியிலை. ஏன்?"

"அப்ப தவறினால் இதிலைதான் படும்."

எங்கள் அறைக் கதவுக்குப் பக்கத்தில், மகளின் அறைச் சுவரில் திருப்புளியை வைத்து ஓங்கி அடித்தேன். "ஐயோ, சுவரைப் பழுதாக்காதை!" என்று கத்தினார். அடித்தேன். பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. அந்தப் பக்கத்தில் மகள் பிரெஞ்சில் அலறினாள்.

ஓடிப்போய்ப் பார்த்தோம். அவளுடைய தலையணைக்குச் சற்று மேலே திருப்புளியின் நுனி நீட்டிக்கொண்டிருந்தது. போர்வையெல்லாம் வெள்ளைத் தூள்.

"என்ரை கைப்பலத்துக்கே இவ்வளவு," என்றேன்.

அவர் எங்கள் அறைக்குத் திரும்பிப் போய் திருப்புளியை உருவினார். பிறகு வந்து மகளின் கட்டிலில் முழந்தாளிட்டு, ஓட்டையில் கண்ணை வைத்தார்.

"நான் நிக்கிற இடம் தெரியுது," என்றார்.

"ஓம். அங்கை நிண்டு பாத்தால் உவள் தெரியமாட்டாள்."