எல்லாம் டி டிரைவில் இருக்கிறது

போன வாரம் இந்தப் பக்கத்தில் உங்களைக் காணோமே, உடம்புக்கு என்ன என்று சில வாசகர்கள் விசாரித்திருந்தார்கள். உடம்பு சரியில்லாமல் போனது எனக்கு அல்ல... என் கம்ப்யூட்டருக்கு!

பதினோரு வயது டெஸ்க்டாப். காலையில் பட்டனை அமுக்கிவிட்டுப் போய், குக்கர் வைத்து, மூன்று விசில் விட்டு, சட்னியும் அரைத்துவிட்டு வந்தால்... அப்போதும் ஸ்கிரீனில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். உள்ளே ஓடும் ஃபேன் சத்தத்தைக் கேட்டுப் பக்கத்து வீட்டு அம்மா, "கிரைண்டர்ல மாவு ஆட்டறீங்களா?" என்று கேட்டிருக்கிறார். இனிமேல் இதற்கு அப்டேட் கிடையாது என்று ஸ்கிரீனே ஒரு நாள் அறிவித்துவிட்டது. போன வாரம் பாதிக் கட்டுரையில் நின்றது, நின்றதுதான்.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அவர் இருப்பது குஜராத்தில். இருபது வருடம் ஓசூர் கம்பெனியில் வேலை பார்த்தவர். கம்பெனி அங்கே புது பிளான்ட் ஆரம்பித்தபோது, அனுபவசாலி வேண்டும் என்று இரண்டு வருடத்துக்கு முன்னால் அனுப்பிவிட்டார்கள்.

"இன்னுமா அதைக் கட்டிக்கிட்டு அழுவுறே? தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கு மேகலா," என்றார்.

அவருக்கென்ன, சொல்லிவிட்டார். நான் ஏன் அதை விட மறுக்கிறேன் என்பதை உங்களிடம் சொல்கிறேன். சிரிக்கக் கூடாது.

அவர் ஓசூரில் இருந்த காலத்தில் நானும் வேறொரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தேன். எனக்கு ஜெனரல் ஷிஃப்ட். அவருக்கு வாரம் ஒரு ஷிஃப்ட் மாறும். நான் வீடு திரும்பும்போது அவர் வேலைக்குப் போயிருப்பார். அவர் திரும்பும்போது நான் தூங்கியிருப்பேன். எங்கள் ஊரில் பாதிக் குடும்பங்கள் இப்படித்தான். ஒரே வீட்டில் குடியிருப்பது வேறு, சேர்ந்து வாழ்வது வேறு. சேர்ந்து வாழ்வதற்கு என்று ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் உண்டு.

சொல்ல வேண்டியதைச் சீட்டில் எழுதி வைப்பார். அவருடைய ஊரான கல்லாவியின் பள்ளிக்கூடத்தில் அவருக்கு எழுதக் கற்றுக்கொடுத்தது யாரோ தெரியாது... அவர் எழுதியதை அவராலேயே இரண்டாம் தடவை படிக்க முடியாது. அதனால், வேலையிலிருந்து வந்ததும் நான் எழுத உட்காரும் கம்ப்யூட்டரிலேயே ஒரு நோட்பேட் ஃபைல் ஆரம்பித்தார். அதற்குப் பெயர் 'வீடு'. ஸ்கிரீனின் இடது ஓரத்தில், குப்பைத்தொட்டிப் படத்துக்குக் கீழே இருக்கும்.

'மழை வர்ற மாதிரி இருந்துச்சு. துணி எடுத்துட்டேன். உன் நீல சுடிதார் காயல, ஃபேனுக்கு அடியில போட்டிருக்கேன். மீதி ஞாயித்துக்கிழமை.'

எதை எழுதினாலும் கடைசியில் இந்த 'மீதி ஞாயித்துக்கிழமை' வந்துவிடும். நானும் கீழே பதில் போடுவேன்: 'குழம்புல உப்பு கம்மி. போட்டுக்கோங்க.' இப்படியே வருடக்கணக்கில்.

ஒரு நாள் இப்படி இருந்தது: 'இன்னைக்கு லைன் நின்னுடுச்சு. ஒரு மணி நேரம் சும்மா உக்காந்திருந்தோம். உன் ஞாபகமாவே இருந்துச்சு. மீதி ஞாயித்துக்கிழமை.'

இந்த மனிதர் இப்படி ஒன்றை வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. இப்போது தினமும் வீடியோ காலில் வருகிறார். "சாப்ட்டியா?" "சாப்ட்டேன். நீங்க?" "ஆச்சு." அவ்வளவுதான் பேச்சு. தீபாவளிக்கு வந்தால் சொந்தக்காரர் வீடு, கல்யாண வீடு என்று நாலு நாள் ஓடிவிடுகிறது. எனக்கு அவர் வேண்டும்... அந்த ஃபைலில் இருக்கிற அவர். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ரொம்ப ஏக்கமாக இருக்கிறது.

பென்டிரைவில் காப்பி எடுத்துக்கொண்டு புதுசு வாங்கலாமே என்பீர்கள். வாங்கலாம்தான். ஆனால் எனக்கு அது அதே மேஜையில், அதே ஓரத்தில் இருக்க வேண்டும். பழைய பெட்டியை விடாமல் வைத்திருந்தால் உள்ளே இருப்பதும் பத்திரம் என்று ஒரு நினைப்பு. ஆகவே புதுசு கிடையாது — அப்கிரேடுதான்!

பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் மஞ்சுநாத் என்பவர் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். கஸ்டமரிடம் தமிழ், போனில் கன்னடம், கழலாத ஸ்குருவைத் திட்டுவதற்குத் தெலுங்கு. மானிட்டரை வீட்டிலேயே விட்டுவிட்டு, பெட்டியை மட்டும் ஆட்டோவில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"இதுக்குக் காசு போடறது வேஸ்ட் மேடம். கொஞ்சம் மேல போட்டா புதுசே வரும்."

"வேண்டாம். இதையே சரி பண்ணிக் கொடுங்க."

"உங்க இஷ்டம். எஸ்எஸ்டி போட்டு, ராம் ஏத்தி, எல்லாத்தையும் புதுசா இன்ஸ்டால் பண்ணணும். பழைய டிஸ்க்ல சி டிரைவை ஃபார்மேட் பண்ணிடுவேன். முக்கியமானது எல்லாம் டி-ல இருக்கா?"

"எல்லாம் டி-லதான் இருக்கு," என்றேன் பெருமையாக. இருக்காதா பின்னே? எங்கள் கம்பெனியில் ஒரு தடவை ஃபார்மேட் செய்து ரிப்போர்ட் எல்லாம் அழிந்தபோது, 'எதையும் சி-யில் வைக்காதீர்கள்' என்று மொத்த டிபார்ட்மென்ட்டுக்கும் பாடம் நடத்தியவளே நான்தான்!

வீட்டுக்கு வந்தேன். டீ போட்டுக்கொண்டு வழக்கம்போல மேஜை முன்னால் உட்கார்ந்தேன். மானிட்டர் மட்டும் கறுப்பாக இருந்தது. பழக்கதோஷம், கண் இடது ஓரத்துக்குப் போனது.

'வீடு' இருக்கும் ஓரம். ஸ்கிரீனின் முகப்பில் வைத்திருப்பதெல்லாம் எங்கே இருக்கும்? சி-யில்!

மஞ்சுநாத்துக்குப் போன் அடித்தேன். பிஸி. திரும்ப அடித்தேன். பிஸி. ஆட்டோ பிடித்து ஓடினேன். ஜெனரல் ஷிஃப்ட் விடும் நேரம். பாகலூர் ரோட்டில் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி நின்றன. நான் வருடக்கணக்கில் போய்வந்த அதே பஸ்கள். ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கும் பெண்கள். இவர்களில் எத்தனை பேர் ஆள் இல்லாத வீட்டின் பூட்டைத் திறக்கப் போகிறார்களோ என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்காங்க மேடம்?" என்றார். கம்ப்யூட்டர் கடைக்கு என்றேன். அவர் கண்ணாடியை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

கடையில் என் பெட்டி திறந்து கிடந்தது.

"ஃபார்மேட் பண்ணிட்டீங்களா?"

"ஸ்வல்ப... கொஞ்சம் மூச்சு விடுங்க மேடம்," என்று ஸ்டூலைத் தள்ளினார் மஞ்சுநாத். "எல்லாம் டி-ல இருக்குன்னு யார் பெருமையா சொல்றாங்களோ, அவங்க சி-யை நான் ஒரு வாரம் தொடவே மாட்டேன். எப்படியும் ஓடி வருவாங்க. நீங்க கொடுத்த அன்னைக்கே வந்துட்டீங்க, அவ்வளவுதான்."

தேடி எடுத்தார். "இதுவா... 'வீடு'? அறுபது கேபி. வாட்ஸ்அப்ல வர்ற குட் மார்னிங் படமே இதைவிடப் பெருசு மேடம்! ஓபன் பண்ணிக் காட்டட்டுமா?"

"வேண்டாம்!"

நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். மஞ்சுநாத் என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். "எங்க வைக்கட்டும்?" என்று மட்டும் கேட்டார். இடத்தைச் சொன்னேன்.

முக்கியமானது எது என்று கேட்டால் நாம் எல்லோருமே சர்டிஃபிகேட், ரசீது என்றுதான் கை காட்டுகிறோம், இல்லையா? துணி எடுத்துட்டேன் என்று ஒருவர் எழுதியதை யார் டேட்டா என்று நினைக்கிறோம்?

ஞாயிற்றுக்கிழமை அவர் போனில் வந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன்.

"அது இன்னும் இருக்கா?" என்றார். "கடைசியா என்ன எழுதியிருக்கேன்?"

படித்தேன். குஜராத்துக்குக் கிளம்பிய அன்று காலை எழுதியது. 'கேஸ் புக் பண்ணிட்டேன். மீதி ஞாயித்துக்கிழமை.'

"அதுக்குக் கீழ ஒண்ணு டைப் பண்ணு," என்றார்.

"சொல்லுங்க."

"சாப்ட்டியா?" என்றார்.

"இதையா டைப் பண்ணணும்?"

"இல்ல... இரு. வாயில சொன்னா வரமாட்டேங்குது. நானே வந்து எழுதிக்கறேன்."

கம்ப்யூட்டர் இப்போது இருபது நொடியில் ஆன் ஆகிவிடுகிறது. அவர் வருகிற ஞாயிற்றுக்கிழமைதான் இன்னும் ரொம்ப ஸ்லோ.