நெஞ்சில் எண்ணெய் படிந்த கரடி

கணினியில் கரடிக்கு முடி வைப்பதென்றால், முதலில் சில நூறு முடிகளை மட்டும் நாம் நட வேண்டும். அவை எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பார்த்து, இடையில் லட்சக்கணக்கான முடிகளைக் கணினியே நிரப்பிக்கொள்ளும். கோயம்புத்தூரில் அனிமேஷன் படித்ததில் எனக்கு உருப்படியாக வந்தது இது ஒன்றுதான். பெங்களூர் ஸ்டுடியோ ஒன்று, வேலைக்கான தேர்வாக நிஜம் போன்ற ஒரு கரடியைச் செய்து அனுப்பச் சொன்னது. பத்து நாள் அவகாசம்.

குன்னூருக்கு மேலே எங்கள் தேயிலை எஸ்டேட்டில் கரடி பார்க்காதவர் கிடையாது. தொழிலாளர் லைன் வீடுகளுக்குக் கீழே இருக்கும் மாரியம்மன் கோயிலில் விளக்குக்கு ஊற்றிய எண்ணெயைக் குடிக்க வரும். எண்ணெயும் திருநீறும் சேர்ந்து அதன் நெஞ்சு முடி திரிதிரியாக ஒட்டிக் கிடக்கும். அதை அப்படியே செய்தேன். அந்தத் திரிகளுக்கே நான்கு நாள் போயிற்று. கரடி வேறு மாதிரியும் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மா, செடி கீறாமல் இருக்க இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் திரையின் முன் நின்றாள்.

“ஏஞ்சாமி, இது நம்ம கோயலுக்கு வர்றதுதான? நெஞ்செல்லாம் எண்ணெ பாரு. திருட்டுக் களுதை.”

அன்றே அனுப்பிவிட்டேன். மகனுக்குப் பெங்களூரில் வேலை, இந்த மழைக்காலத்துக்குள் கொழுந்துக் கூடையை ஒரேயடியாக இறக்கிவிடுவேன் என்று மறுநாள் அம்மா தோட்டம் முழுக்கச் சொல்லியிருந்தாள்.

இரண்டு வாரம் கழித்து மெயிலில் மூன்று வரி வந்தது. மார்பில் முடிகள் ஒட்டிக்கொண்டிருப்பது தொழில்நுட்பப் பிழை. நிஜத்தன்மை போதவில்லை. வேறு ஆள் எடுத்தாயிற்று.

ஸ்டுடியோவுக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் கோயில், எண்ணெய், திருநீறு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

“அனுப்பும்போதே இத ஒரு வரி எழுதியிருக்கலாமேங்க.”

எழுதியிருக்கலாம். எழுத வேண்டும் என்று தெரியாமல்தான் இத்தனை வருடம் படித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் எங்கும் எதுவும் எழுதி அனுப்பியதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை என்பதே அன்றுதான் உறைத்தது.

சாயங்காலம் அம்மா வந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்தபடி கேட்டாள், பதில் வந்துருச்சா என்று. போன் என் சட்டைப்பையில்தான் இருந்தது.

“இன்னும் இல்லீங்ம்மா.”

“பெரிய எடமில்ல கண்ணு, நெதானமாத்தான் பாப்பாங்க” என்று அவளே எனக்குச் சமாதானம் சொன்னாள்.