மூன்று வருட லீவு

என் மகள் ஒரு வெளிநாட்டவர் என்று அரசாங்கக் காகிதத்தில் நான் படித்துக்கொண்டிருந்தபோது, அந்த வெளிநாட்டவர் எனக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து ராகிக் களியைக் கீரைக் குழம்பில் தோய்த்து முழுங்கிக்கொண்டிருந்தாள். களியை மெல்லக் கூடாது, அப்படியே முழுங்க வேண்டும் என்று எனக்குப் பாடம் வேறு நடத்தினாள்.

நானும் அவள் அப்பாவும் வேலை பார்த்த நாட்டில் பிறந்தவள் என்பதால் அவளுக்கு அந்த நாட்டுப் பாஸ்போர்ட். நாலு வயதில் அவளைத் தூக்கிக்கொண்டு, பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் என் ஊருக்கு வந்துவிட்டேன். இப்போது ஏழு வயது. விசா முடியப்போகிறது. அதற்குள் அவளை இந்தியக் குடியுரிமைக்குப் பதிவு செய்தாக வேண்டும். அவள் அப்பா வம்பு பண்ணாமல் சம்மதக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். பிரிந்த பிறகு அவர் செய்த நல்ல காரியம் அது, அதை நான் மறைக்க மாட்டேன். மிச்சம் இருந்தது ஒன்றுதான். குழந்தை இந்த ஊரில் நிலையாகக் குடியிருக்கிறாள் என்று காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால், அவளுக்காக யாரும் காத்திருக்காத ஒரு நாட்டுக்கு அவள் திரும்பிப் போக வேண்டியிருக்கும்.

இதென்ன பெரிய வேலை என்றுதான் யாருக்கும் தோன்றும். மூன்று வருடமாக ஒரே தெருவில் புழுதி பறக்க ஓடுகிற பிள்ளை. ஆனால் அந்த மூன்று வருடமும் நான் ஊரிடம் ஒரு பொய்யைச் சொல்லி வைத்திருந்தேன்.

வந்து இறங்கிய அன்று, நான் பெட்டியை இறக்குவதற்கு முன்பே எதிர்வீட்டு அக்கா கேட்டாள். "வா புள்ள. எத்தினி நாளு லீவு?"

புருஷனை விட்டு வந்துவிட்டேன் என்று நடுத்தெருவில் நின்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஒரு மாசங்க்கா" என்றேன். அடுத்த மாதம் கேட்டபோது இன்னும் ஒரு மாதம். அப்புறம் ஆபீஸில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டார்கள், அப்புறம் விசாவில் தாமதம், அப்புறம் டிக்கெட் கிடைக்கவில்லை. பொய்யைக் காப்பாற்ற நான் பட்ட பாடு கொஞ்சமா? இரண்டு பெரிய பெட்டிகளையும் விமான நிலையத்துச் சீட்டைக் கூடக் கிழிக்காமல், வாசலில் இருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி கூடத்தில் நிறுத்தி வைத்தேன். பீரோ வாங்கவில்லை, துணிமணி எல்லாம் பெட்டிக்குள்ளேதான். ரேஷன் கார்டில் பிள்ளை பேரைச் சேர்க்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கூட, 'தற்காலிகமா சேத்துக்கங்க மேடம்' என்று நானே கேட்டு அப்படியே எழுத வைத்தேன். அவ்வளவு கெட்டிக்காரி நான்.

குடியிருப்பை விசாரிக்கக் கிராம அதிகாரி வி.ஏ.ஓ. வந்த அன்று நான் ஊரில் இல்லை. அதே விண்ணப்பத்துக்கு ஜெராக்ஸ் எடுக்கப் பாப்பாரப்பட்டி போயிருந்தேன். மகள் பள்ளிக்கூடத்தில். அவர் தெருவில் நாலைந்து வீட்டில் கேட்டு எழுதிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் அவருடைய ஆபீஸில் போய் நின்றேன்.

"ஏம்மா, உங்க தெருவுல எல்லாரும் ஒரே மாதிரி சொல்றாங்க. லீவுக்கு வந்திருக்காங்க, வூட்டுக்காரரு தினமும் போன் பண்றாரு, அடுத்த மாசம் போயிருவாங்கன்னு. நீங்க நிரந்தரமா இருக்கறதா எழுதியிருக்கீங்க. நான் எதை நம்பறது?"

அது நானே சொன்ன பொய் என்று அவரிடம் சொன்னேன். அந்த மேசைக்கு முன்னால் சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை. அவர் என்னை ஏற இறங்கப் பார்க்கவில்லை. பேனாவை மூடினார். "எங்கிட்ட சொன்னா பத்தாதும்மா. மறுபடி வர்றேன். தெருக்காரங்க சாட்சிக் கையெழுத்துப் போடட்டும். அதுக்கப்புறம் எழுதறேன்" என்றார்.

பஸ்ஸில் வரும்போதே எனக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. பொய் சொன்னது நான், கோபம் மட்டும் ஊர் மேல். என் சுபாவம் அப்படி. நேரே எதிர்வீட்டு ஆட்டுப்பட்டிக்குப் போனேன். அக்கா தழை கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க்கா, அப்படியா சொல்லுவீங்க அவருகிட்ட?"

"பின்ன எப்பிடிச் சொல்றது? புருசன வுட்டுட்டு வந்தவன்னு ஆபீசருகிட்ட என் வாயால சொல்லுவனா? நீ எங்களுக்கு என்ன சொன்னியோ அதையே சொல்லோணும்னு பேசி வெச்சிருந்தோம்."

"பேசி வெச்சிருந்தீங்களா? அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"ரெண்டாவது மாசமே தெரியும். லீவுக்கு வந்தவ எவளாச்சும் முருங்கக் கொம்பு நடுவாளா?"

கொல்லையில் நான் நட்டு வைத்த கொம்பு இப்போது கூரையைத் தாண்டிவிட்டது. அதில் காய்த்த காயை நானே கட்டுக் கட்டாக அந்தத் தெரு முழுக்கக் கொடுத்திருக்கிறேன். வாங்கித் தின்றுவிட்டு, 'எப்பப் பயணம்?' என்று ஒவ்வொரு மாதமும் முகம் மாறாமல் கேட்டிருக்கிறார்கள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அன்றைக்கு அந்தப் பட்டியில் நின்று இரண்டையும் செய்தேன்.

"நீ வாயத் தொறக்க வேணாம். நான் பாத்துக்கறேன்" என்றாள் அக்கா. வேறு நாலு வீட்டிலும் அவளே பேசி முடித்தாள். எனக்குப் பெரிய நிம்மதி. யாரிடமும் எதையும் சொல்லாமலே காரியம் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

வி.ஏ.ஓ. இரண்டாவது முறை வந்தபோது மாலை நேரம். வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். சுற்றிலும் தெருக்காரர்கள். அக்கா முதல் கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கிவிட்டாள். அப்போது என் மகள் புத்தகப் பையோடு வந்தாள். அவர் சும்மா, பிரியமாகத்தான் கேட்டார். "பாப்பா, நீ எந்த ஊரு?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். "லீவுக்கு வந்திருக்கோங்க சார். அடுத்த மாசம் போயிருவோம்."

அக்காவின் கையில் பேனா அப்படியே நின்றது.

எனக்கு அப்போது அக்காவின் ஆட்டுக்குட்டிகள் ஞாபகம் வந்தன. ஈத்துக்கு ஈத்து தெருப் பிள்ளைகள் ஆளுக்கொரு குட்டியைப் பிடித்துப் பேர் வைத்துக் கொண்டாடுவார்கள். என் மகள் மட்டும் வைக்க மாட்டாள். "நாங்க போயிருவோம்ல, அப்புறம் அது என்னத் தேடும்" என்பாள். நான் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன், போனில் தோழிகளிடம் சொல்லியும் சிரித்திருக்கிறேன். ஊரில் ஒருவர் கூட நம்பாத என் பொய்யை ஒரே ஒரு ஆள் மூன்று வருடமாக நம்பியிருக்கிறாள். அதுவும் என் பிள்ளை. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

அவள் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தேன். தெரு கேட்கிறதே என்று இந்த முறை பார்க்கவில்லை.

"அம்மா பொய் சொல்லிட்டேன் கண்ணு. நாம லீவுக்கு வரல. அம்மாவும் அப்பாவும் தனித்தனியா இருக்கறதுன்னு முடிவு பண்ணியாச்சு. அது உனக்குத் தெரியும். ஊருக்குச் சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு, அதான் அப்பிடிச் சொன்னேன். இதுதான் நம்ம வூடு. நாம எங்கயும் போகல."

"அடுத்த மாசமும் போக மாட்டமா?"

"மாட்டோம்."

"அதுக்கடுத்த மாசம்?"

"அப்பவும் மாட்டோம்."

அவள் அழவில்லை. புத்தகப் பையைக் கழற்றிக் கீழே வைத்தாள். பிறகு வி.ஏ.ஓ. பக்கம் திரும்பி, "சார், அப்ப இந்த ஊருதாங்க" என்றாள்.

அவர் குனிந்து எழுத ஆரம்பித்தார். அக்கா கையெழுத்துப் போட்டாள். மற்ற நாலு பேரும் போட்டார்கள். மாரியம்மன் பண்டிகையில் என் மகள் ஆடியதை மூன்று வருடமும் போனில் பிடித்து வைத்திருந்த ஒருவர், கேட்காமலே ஒவ்வொன்றாக அவரிடம் காட்டினார். 'போதுங்க, போதுங்க' என்று அவர் சொல்லும் வரை விடவில்லை.

பதிவுச் சான்று வர இன்னும் சில மாதங்கள் ஆயின. தர்மபுரிக்குப் போய் அதை வாங்கி, பஸ்ஸில் இரண்டு தடவை எடுத்துப் பார்த்து, மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். வயிற்றில் பாலை வார்த்த மாதிரி என்பார்களே, அப்படித்தான் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் பெட்டிகளில் இருந்த சீட்டுகளைக் கிழித்துப் போட்டுவிட்டு அவற்றைப் பரண் மேல் ஏற்றினேன். துணிகள் கட்டில் மேல் மலையாகக் கிடந்தன, வைக்கத்தான் இடம் இல்லை.

மகளிடம் காகிதத்தைக் காட்டினேன். தன் பேர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தாள். பார்த்ததும் எதிர்வீட்டுக்கு ஓடினாள்.

"பெரீம்மா, அந்தக் கறுப்புக் குட்டிக்கு யாராச்சும் பேரு வெச்சிட்டாங்களா?"

"இல்ல கண்ணு. உனக்குன்னுதான் வுட்டு வெச்சிருக்கேன்."