இஞ்சினுக்கு வைத்த பெயர்

இலங்கை மலையகத்தின் பூண்டுலோயாவில், எங்கள் தேயிலைத் தொழிற்சாலையின் இஞ்சினை இயக்கும் டிரைவரை எண்ணெய்க் கறை இல்லாமல் நான் பார்த்தது ஆயுத பூசையன்று மட்டும்தான். இஞ்சின் சத்தத்திலேயே கிடந்தவர். யாரிடமும் மெதுவாகப் பேசத் தெரியாது. இஞ்சினிடமும் உரக்கத்தான் பேசுவார்.

ஒரு வருடம் புது இஞ்சின் வந்திருந்தது. பூசைக்கு வந்த பூசாரி, "யாரு பேருக்கு அர்ச்சனை? பேரு, நட்சத்திரம் சொல்லுங்க" என்றார். இஞ்சினில் இருந்ததோ பித்தளைத் தகட்டில் ஒரு நம்பர். டிரைவர் சற்றும் யோசிக்காமல் தன் பெயரையும் தன் நட்சத்திரத்தையும் சொன்னார். அன்றிலிருந்து இஞ்சினுக்கு அதுவே பெயர்.

"ஒங்க பேரையே அதுக்கு வச்சிட்டீங்களேண்ணே?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே இஞ்சினுக்கு ஒரு பொட்டு வைத்தார்.

அடுத்த வாரம், கொழுந்து மலையாகக் குவிந்திருந்த நாளில் இஞ்சின் நின்றுவிட்டது. தோட்டத்து மேலாளரான துரை ஓடிவந்து, டிரைவரின் பெயரைச் சொல்லிக் கத்தினார். வேலையைவிட்டே தூக்கிவிடுவதாக மிரட்டினார். டிரைவர் பதறவே இல்லை. இஞ்சினைத் தட்டிக்கொடுத்து, "காதுல விழுதா? தொர ஒன்னயத்தான் ஏசுறாரு" என்றார்.

அர்ச்சனை அவருக்கு, ஏச்சு இஞ்சினுக்கு. பிறகு துரை முன்னால் கைகட்டி நிற்க நேர்ந்தபோதெல்லாம், எனக்கும் ஒரு இஞ்சின் இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொள்வேன்.