ஒன்றாம் படுக்கையின் மணி

எங்கள் அலுவலகத்தில் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் அக்கா, அதற்கு முன் பதினெட்டு வருடம் மருத்துவமனை வார்டில் உதவியாளராக இருந்தவர். முட்டி தேய்ந்த பிறகுதான் நாற்காலி வேலைக்கு வந்தார்.

வார்டு மணிகளுக்காக நான் ஒரு சின்ன நிரல்மொழியையே உருவாக்கியிருந்தேன். தலைக்கனம் ஏறியிருந்த காலம். 'நர்ஸைக் கூப்பிடு' என்ற கட்டளைக்கு இரண்டு விவரம் வேண்டும்: எந்தப் படுக்கை, என்ன தேவை. மணியைப் பொருத்தும்போதே படுக்கை எண்ணை அதோடு கட்டிவிடலாம். தேவையை, நோயாளி பட்டனை அமுக்கும்போது நிரப்பிக்கொள்ளலாம். பாதி இப்போது, மீதி அப்புறம்.

மறுநாள் காலை மணிகள் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அறை நீளத்துக்குப் பன்னிரண்டு மணிகளை வரிசையாக வைத்திருந்தோம். என் மேசைக்குப் பக்கத்தில் இருந்தது பன்னிரண்டாவது. எல்லோரும் அதையே அமுக்கிப் பார்த்துக் கைதட்டிக்கொண்டோம். அக்கா நொண்டிக்கொண்டே அறையின் மறுகோடிக்குப் போய் ஒன்றாம் மணியை அமுக்கினார். திரையில் 'படுக்கை 12, தண்ணீர்' என்று வந்தது. இரண்டாவதை அமுக்கினார். அதுவும் பன்னிரண்டு.

"வயரை மாத்திச் சொருகியிருப்பாங்கக்கா" என்று எரிந்து விழுந்தேன். வயர் சரியாகத்தான் இருந்தது. அரை மணி நேரம் கழித்து அசடு வழிந்துகொண்டே உண்மையைச் சொன்னேன். ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்ணிக்கொண்டே மணிகளோடு படுக்கை எண்ணைக் கட்டியிருந்தேன். என் மொழி அந்தந்த எண்ணைக் கட்டாமல், 'எண்ணிக்கை எங்கே நிற்கிறதோ அது' என்று கட்டிவிட்டது. எண்ணிக்கை நின்றதோ பன்னிரண்டில்.

"அதாவது எல்லாக் கட்டில்லயும் 'நான் நிக்கிற கட்டில்'னு சீட்டு ஒட்டிட்டு, நீ கடைசிக் கட்டில் கிட்ட போய் நின்னுட்ட."

"ஆமாக்கா."

"நல்லாருக்கு தம்பி உன் மொழி."

"அங்க போய் ஏன் அமுக்கினீங்க?"

"கதவுப் பக்கம் படுத்திருக்கறவங்களை யாராவது எட்டிப் பார்ப்பாங்க. மூலையில இருக்கறவங்களுக்கு மணியை விட்டா வேற நாதி இல்ல."

அன்றே மொழியின் விதியை மாற்றினேன். கட்டும் நேரத்தில் என்ன எண்ணோ, அதுவே கடைசிவரை.

போன மாதம் என் அம்மாவை அந்த மணிகளைப் பொருத்திய வார்டில்தான் சேர்த்தோம். ஒன்றாம் படுக்கை, ஜன்னலோர மூலை. நான் மருந்து வாங்கப் போயிருந்தபோது அம்மாவுக்கு மூச்சு முட்டியிருக்கிறது. பட்டனை அமுக்கியிருக்கிறார். நர்ஸ் நேராக அவரிடமே ஓடி வந்திருக்கிறார்.

வராந்தாவில் நின்றபடியே அக்காவுக்குப் போன் செய்தேன். நடந்ததை அழுதுகொண்டே சொன்னேன். "நீங்க இல்லன்னா எங்கம்மா இல்லக்கா" என்றேன்.

"இப்ப நல்லா மூச்சு விடறாங்களா?"

"விடறாங்க."

"சரி, அழாத. பக்கத்துக் கட்டில்ல இருக்கறவங்களுக்குப் பட்டன் கைக்கு எட்டுதான்னு பாத்துட்டு வா."